உலக்கை பிடித்திருப்பவர்

அந்துருண்டையும் காய்ந்த வேப்பிலையும் எண்ணெய் தடவிய பழைய மரமும் சேர்ந்த ஒரு வாசனை அப்பாவின் சட்டையில் எப்போதும் இருக்கும். துவைத்துக் காயப்போட்ட பிறகும் காலர் பக்கம் மூக்கை வைத்தால் லேசாக வரும். என்னுடன் படித்த பிள்ளைகளின் அப்பாக்களில் சிலர்மேல் ரயில்வே பட்டறையின் கிரீஸ் வாசனை அடிக்கும், சிலர்மேல் மளிகைக்கடை வாசனை. என் அப்பாமேல் மட்டும் அருங்காட்சியக வாசனை.

அருங்காட்சியகம் என்றதும் தூண்களும் தோட்டமும் உள்ள கட்டடத்தை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியை ஒட்டிய ஒரு சந்தில், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தம் வீட்டு மாடியில் நான்கு அறைகளை ஒதுக்கி, வேலையில் இருந்த காலம் முழுக்கப் பச்சைமலை, கொல்லிமலை, கல்வராயன்மலை என்று சுற்றிச் சேர்த்த பொருள்களை அங்கே அடுக்கி வைத்திருந்தார். மூங்கில் கூடைகள், சுரைக்குடுக்கைகள், தேன் எடுக்கப் போகிறவர்களின் கயிற்று ஏணி, பாசிமணிகள், இரண்டு பறைகள், சுவர்களில் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். வாசலில் 'மலைவாழ் மக்கள் பண்பாட்டுக் காட்சியகம்' என்று பலகை தொங்கியது. தெருவில் எல்லோரும் அதை 'மலைவீடு' என்றுதான் சொல்வார்கள். "மலைவீட்டுக்கு எதிர்ல இறங்கிக்கிறேம்பா" என்று ரிக்‌ஷாக்காரரிடம் சொன்னால் போதும்.

மலைவீட்டுக்கு எழுத்தர், காவலர், கூட்டிப் பெருக்குபவர், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்பவர் எல்லாமே அப்பாதான். அதில் அவருக்கு மிகவும் பிடித்த வேலை 'சீட்டு' எழுதுவது. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே வைக்கும் வெள்ளை அட்டைக்கு அவரும் பேராசிரியரும் வைத்திருந்த பெயர் அது. பட்டை நிப்பைக் கறுப்பு மையில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பா எழுதுவார். அச்சடித்தது போல இருக்கும். எழுதிய அட்டையை ஓரத்தில் பிடித்து ஜன்னலோரம் கொண்டுபோய்க் காயவைப்பது என் வேலை. "ஊதாதே, எச்சில் தெறிக்கும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். வெயில் காலத்து மத்தியானங்களில், சிவப்பு சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று, அந்தக் குளிர்ச்சி பாதத்தில் ஏற ஏற, ஈர எழுத்து மங்கிக் காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உலகத்தில் எந்தப் பொருளுக்கும் என்ன பெயர் என்று என் அப்பாவுக்குத் தெரியும் என்று நான் நம்பியிருந்த வயது அது.

ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ராஜாத்தி. எங்கள் பள்ளி காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், திருச்சியில் இருந்த ஒரு கான்வென்ட். நான் தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அவள் பள்ளியை ஒட்டிய ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். கணக்கு நன்றாக வரும். என் டிபன் பாக்ஸில் புளியோதரை இருக்கும் நாள்களில் மட்டும் கேட்காமலே கை நீட்டுவாள். எந்த ஊர் என்று கேட்டால் "துறையூர்" என்பாள். லீவு முடிந்து வந்தால் மற்றப் பிள்ளைகள் பார்த்த சினிமாவையும் போன கல்யாணங்களையும் வாய் ஓயாமல் சொல்வார்கள். அவள் எதுவும் சொல்லமாட்டாள். அவளுடைய தகரப் பெட்டியில் மட்டும் பலாச்சுளை வாசனை அடிக்கும்.

அந்த வருடம் சமூக அறிவியல் பாடத்தில் பழங்குடி மக்களைப் பற்றி ஒரு பகுதி வந்தது. ஸ்டெல்லா டீச்சர் எங்கள் வகுப்பை மலைவீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது பிள்ளைகள் என் தெருவுக்கு வந்து, என் அப்பா சொல்வதைக் கேட்டு, என் அப்பா எழுதியதைப் படிக்கப்போகிறார்கள். அன்று அப்பாவும் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். முதல் அறையில் கூடைகளைப் பற்றி அவர் சொன்னபோது, அடுத்து என்ன சொல்வார் என்று தெரிந்த நான், அவருக்கு முன்னாலேயே பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.

இரண்டாவது அறையில் சுவரின் நடுவில் ஒரு பெரிய புகைப்படம் இருந்தது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி, கழுத்தில் மூன்று சரம் பாசி, கேமராவை நேராகப் பார்த்து லேசாகச் சிரித்தபடி. கீழே அப்பாவின் சீட்டு: 'மலைவாழ் பெண், பச்சைமலை'. பிள்ளைகள் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். ராஜாத்தி நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் அவள்மேல் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னடி, வாடி" என்று அவள் கையை இழுத்தேன்.

"எங்க அம்மா" என்றாள்.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த அறையில் எதைச் சொன்னாலும் கேட்கும். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி சிரித்தாள். "நீ துறையூர்னு சொன்னே? மலைக்காரியா நீ?" என்று இன்னொருத்தி கேட்டாள். அப்பா அப்போது அடுத்த அறையில் இருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் அந்தக் காட்சியகத்தைப் பற்றித் தெரிந்தவள் நான்தான். காலையிலிருந்து என்னைச் சுற்றி நின்ற கூட்டம் இப்போது அவளைச் சுற்றி நின்றதை என்னால் தாங்கமுடியவில்லை என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்ள முடிகிறது. அன்று எனக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்ன வார்த்தைதான்.

"சும்மா பொய் சொல்லாதே ராஜாத்தி. எங்கப்பா அப்படி எழுதலையே."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது வேறொரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாலத்தின் மேல் போகும்போது எல்லோரும் ஆற்றைப் பார்த்துக் கத்தினார்கள், அவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இதை ஒரு வேடிக்கை போல அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். பிசைந்த சாதத்தில் கையை வைத்தபடி அப்படியே இருந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காங்களா?"

எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் நான் அதைக் கேட்டதில்லை.

"அந்தப் படத்துல இருக்கறது யாருன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார் அப்பா. "சாருக்கும் தெரியாது. தெரியாததாலதான் 'பெண்'ணுன்னு எழுதினேன். நீ எதை வெச்சு அவ பொய் சொல்றான்னு சொன்னே?"

அப்பா என்னைத் திட்டவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "நாளைக்கு அவகிட்ட கேட்டுட்டு வா" என்று மட்டும் சொன்னார். அது திட்டைவிடக் கஷ்டமான வேலை. மறுநாள் ராஜாத்தி கடைசி பெஞ்சுக்குப் போயிருந்தாள். நான் போய் நின்றால் நோட்டைத் திறந்துகொள்வாள். மூன்றாவது நாள் தண்ணீர்க் குழாயடியில் அவள் தனியாக நின்றபோது, அப்பா கேட்கச் சொன்னார் என்று சொன்னேன். அப்பா என்ற சொல்லுக்காகத்தான் பதில் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அவளுக்கு ஐந்து வயதாகும்போது அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டாள். மலையிலிருந்து கட்டிலில் தூக்கிக்கொண்டு இறங்கும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. "மூஞ்சி எனக்கு ஞாபகமில்ல. இடுப்புல தூக்கி வெச்சுக்குவாங்கல்ல, அப்ப பாசி என் கன்னத்துல குத்தும். மூணு சரம். அது ஞாபகம் இருக்கு" என்றாள். அந்தப் படத்துப் பெண் அவளைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்ததாம்.

இதைக் கேட்ட அப்பா ஹாஸ்டல் சிஸ்டருக்கு ஒரு கடிதமும், ராஜாத்தியின் அப்பாவுக்கு மலையடிவார டீக்கடை முகவரியில் ஒரு இன்லண்ட் லெட்டரும் எழுதினார். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிஸ்டரிடம் அனுமதி வாங்கி ராஜாத்தியை அழைத்துக்கொண்டு, நானும் அப்பாவும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றோம். துறையூர் பஸ்ஸிலிருந்து ஒரு சாக்குப் பையை அணைத்தபடி இறங்கினார் அவளுடைய அப்பா பெரியசாமி. ராஜாத்தியின் தலையில் கை வைத்தார், அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். பையில் பலாப்பழம். "ஒங்களுக்குத்தாங்க. நல்லா பழுக்க இன்னும் ரெண்டு நாளு ஆகும்" என்றார். அவர் காலில் இருந்த ரப்பர் செருப்பு அன்றைக்கென்று வாங்கியது போலப் புதிதாக இருந்தது.

மலைவீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பா அவரை நேராக இரண்டாவது அறைக்கு அழைத்துப் போய் விளக்கைப் போட்டார். பெரியசாமி படத்துக்கு முன்னால் நின்றார். ராஜாத்தி படத்தைப் பார்க்கவில்லை. அவள் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது அம்மா இல்ல கண்ணு" என்றார்.

அவரே மறுபடியும் சொன்னார். "இது பக்கத்தூரு நல்லம்மா. இருக்காங்க இன்னும். போன சந்தையிலகூடப் பாத்தேன். அந்த மாதிரிப் பாசி அப்ப எல்லாரும் போட்டிருப்பாங்க."

ராஜாத்தி அழவில்லை. "சரிப்பா" என்றாள், கணக்கில் விடை தப்பு என்று டீச்சர் சொன்னால் சொல்வாளே, அதே குரலில். நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பெண் அவளுடைய அம்மாவாக இருந்துவிட்டால் போதும் என்று இரண்டு வாரமாக நான் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தேன். அப்படி இருந்திருந்தால் நான் சொன்னதை அவள் மறந்துவிடுவாள் என்பது என் கணக்கு.

அப்பாவுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, ஒரு சுத்து பாத்துட்டுப் போங்க" என்றார். பெரியசாமி மரியாதைக்காகத்தான் நடக்க ஆரம்பித்தார். ஆனால் கூடைகளின் அருகில் வந்ததும் நின்றார். ஒரு கூடையைக் காட்டி, "இதுல தானியம் கொட்டமாட்டோங்க. கோழி அடைக்கிறது" என்றார். அப்பா சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அடுத்ததற்கும் ஏதோ சொன்னார், அதையும் எழுதிக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரியசாமியின் குரல் உயர்ந்தது. ராஜாத்திகூட, "இது நம்ம வீட்லயும் இருக்குல்லப்பா" என்று ஒரு சுரைக்குடுக்கையைக் காட்டினாள்.

நான்காவது அறையில், ஜன்னலுக்குப் பக்கத்து மூலையில், ஒரு மர உரலும் உலக்கையும் இருந்தன. அதற்கு மேலே, அந்த உரலை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று காட்டுவதற்காக, போஸ்ட்கார்டு அளவில் ஒரு சிறிய படம். சீட்டில் 'உரல், உலக்கை. சாமை குத்துவதற்கு' என்று எழுதியிருந்தது. எத்தனையோ தடவை அந்த மூலையைத் துடைத்திருக்கிறேன். படத்தில் உரல்தான் என் கண்ணில் பட்டிருக்கிறது.

பெரியசாமி குனிந்தார். இன்னும் குனிந்து, கண்ணாடியில் மூக்கு படுமளவுக்குப் போனார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தா இருக்கா" என்றார்.

படத்தில் ஒருத்தி உலக்கையைத் தலைக்கு மேல் ஓங்கியிருந்தாள். பக்கவாட்டில் நிற்கிறாள். தூக்கிய கை முகத்தில் பாதியை மறைத்தது. மீதிப் பாதியில் ஒரு கண், மூக்கு, வியர்வையில் ஒட்டிய முடி. உரலின் அடியில், கேமராவுக்கு முதுகைக் காட்டி, முறத்துக்குள் கையை விட்டுக்கொண்டு ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது.

"ஜீப்புல வந்தாங்க. ஊர்ல எல்லாரும் தலை சீவி வந்து நின்னாங்க போட்டோவுக்கு. இவ மட்டும் வரல. வேல கெடக்கு, எடுக்கறதுன்னா எடுத்துக்கிட்டுப் போகட்டும்னுட்டா." அவர் சிரித்தார், சிரிப்பின் நடுவிலேயே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கீழ உக்காந்து சாமைய எறைக்கிறது நீதான் கண்ணு. அதுக்குத்தான் அன்னிக்கு ஒன்னைத் திட்டிக்கிட்டே இருந்தா."

ராஜாத்தி முன்னால் வந்தாள். அவள் உயரத்துக்கு அந்தப் படம் சரியாக முகத்துக்கு நேராக இருந்தது. வெகுநேரம் பார்த்தாள். "அம்மா பேரு சொல்லுப்பா" என்றாள். அவளுக்குத் தெரியாத பெயர் அல்ல.

"செல்லம்மா" என்றார் அவர்.

அப்பா கீழே போய்ப் பேராசிரியரை அழைத்துவந்தார். எழுபதை நெருங்கிய அவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறிவந்து, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா விஷயத்தைச் சொல்லி, சீட்டில் பெயரைச் சேர்க்கட்டுமா என்று கேட்டார்.

பேராசிரியர் படத்தைப் பார்த்தார். "இது உரலுக்கான படமோன்னோ. ஒருத்தர் பேரை மட்டும் போட்டா மத்தவா பேரெல்லாம் எங்கேன்னு கேக்கமாட்டாளா?"

"மத்தவங்கள்லயும் கொஞ்சம் பேர எனக்குத் தெரியுங்க சாமி" என்றார் பெரியசாமி.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஊர் ஊராப் போய்க் கூடைக்கு என்ன பேருன்னு கேட்டேன்" என்றார் கடைசியில். "உமக்கு என்ன பேருன்னு கேக்கணும்னு தோணலை எனக்கு. எழுதும் ஓய். எல்லாத்தையும் எழுதும்."

அன்று மத்தியானம் முழுக்கப் பெரியசாமி சுவர் சுவராகப் போய்ப் பெயர் சொன்னார், அப்பா எழுதினார், நானும் ராஜாத்தியும் ஆளுக்கொரு அட்டையாக ஜன்னலோரம் கொண்டுபோனோம். நல்லம்மாளுக்கு முதல் சீட்டு. சில முகங்களுக்கு முன்னால் அவர் நின்று யோசித்து, "கொல்லிமலைப் பக்கம் போல, தெரியலீங்க" என்று நகர்ந்தார். உரலுக்கான புதுச் சீட்டை அப்பா கடைசியாக எழுதினார். பழைய வரிக்குக் கீழே இன்னொரு வரி: 'உலக்கை பிடித்திருப்பவர் செல்லம்மாள்'. அதை ராஜாத்திதான் காயவைத்தாள்.

அந்த அட்டை காயும்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது. "நான் அன்னிக்குச் சொன்னது தப்புடி" என்றேன்.

"நீ சொன்னது சரிதான். அது எங்கம்மா இல்லதான்" என்றாள் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். அட்டையை வெயில் பக்கம் நகர்த்திவிட்டு, "ஆனா சொன்னப்ப ஒனக்கு அது தெரியாதுல்ல" என்றாள்.

அடுத்த வாரம் அப்பா ராஜகோபுரத்துக்குப் பக்கத்து ஸ்டுடியோவில் அந்தப் படத்தைப் பிரதி எடுக்கச் சொல்லி, உறையில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினார். ராஜாத்தி அதைச் சமூக அறிவியல் புத்தகத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு நாள் முழுக்கக் கடைசி பெஞ்சில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், மறுநாள் காலை பையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "தள்ளி ஒக்காருடி" என்றாள்.

பேராசிரியர் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். மலைவீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. எதிர்வீட்டு ஆட்களுக்குக்கூட அந்தப் பெயர் தெரியவில்லை. பொருள்களும் படங்களும் வேறொரு ஊரில் உள்ள பெரிய காட்சியகத்துக்குப் போய்விட்டன. அப்பாவும் இல்லை. போன மாதம் நானும் ராஜாத்தியும் அங்கே போய்வந்தோம். அவள் புத்தூரில் ஒரு மருத்துவமனையில் மூத்த நர்ஸ். இரண்டு நாள் லீவு கிடைப்பதற்குள் பெரும்பாடாகிவிட்டது.

அங்கே குளிர்சாதனம், மேலிருந்து விழும் மஞ்சள் விளக்கு, தொட்டால் பேசும் திரைகள். உரல் நடுக்கூடத்தில் இருந்தது. அதன் பின்சுவரில், போஸ்ட்கார்டு அளவில் இருந்த அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். எங்களைவிட இளமையான செல்லம்மாள் எங்கள் உயரத்துக்கு உலக்கையை ஓங்கி நின்றாள். அவ்வளவு பெரிதாக்கிய பிறகுதான் அந்த ஒற்றைக் கண் குழந்தையின் பக்கம் திரும்பியிருப்பது தெரிந்தது. சீட்டுகள் எதுவும் இல்லை. அச்சடித்த பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் உரலைப் பற்றி ஆறு வரிகள் இருந்தன, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் இருந்த இளைஞரிடம் போய்ச் சொன்னோம். பட்டியல் வரும்போது பெயர்கள் இல்லாமல்தான் வந்தது என்றார். தப்பு யாருடையது என்று அவருக்கும் தெரியவில்லை. நல்லவர். உடனே கணினியில் அந்தப் படத்தை எடுத்தார்.

"சொல்லுங்க மேடம்."

ராஜாத்தி அம்மாவின் பெயரையும் ஊரையும் சொன்னாள். அவர் அடித்துவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பிறகு படத்தைக் கொஞ்சம் கீழே நகர்த்தி, "இந்தக் குழந்தை பேரு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "ராஜாத்தி" என்றாள்.

அவர் நிமிராமல் விசைகளைத் தட்டினார். பாதியில் நிறுத்தி, "'த்' வருமா மேடம்?" என்றார்.

"வரும் சார்" என்றாள்.